பதிவேட்டுக்காரர் பதில்கள்: ஜேர்மன் கழகங்களும் வீரர் ட்ரான்ஸ்பரும்

கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய உதைபந்தாட்டக் கழகத்தின் வீரர் பதிவேட்டை நெடுங்காலம் எழுதி வந்தவன் நான். யார் எந்தக் கழகத்திலிருந்து வந்தான், ரிலீஸ் கடிதம் கையில் இருக்கிறதா, பிறந்த திகதி சரிதானா என்று பார்ப்பதுதான் என் அலுவல். அதனால் ஒரு வீரன் போட்ட கோலைப் பற்றிக் கேட்கும்போதே அவனுடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று மனம் தேடும். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜேர்மனியைப் பற்றியவை. எனவே இந்த இதழை முழுவதுமாக அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ஹரி கேனை பயேர்ன் மியூனிக் 100 மில்லியன் யூரோவுக்கு வாங்கியது என்கிறார்கள். அந்தக் காசு அவருடைய பைக்குள்ளா போகும்? வகுப்பில் இதே சண்டை.
— தரம் 10 மாணவன், வெள்ளவத்தை

இல்லைத் தம்பி. அது டொட்டன்ஹாம் கழகத்துக்குப் போன காசு. 2023 ஓகஸ்டில் கேன் மியூனிக் போனபோது அவருடைய ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் மிச்சம் இருந்தது. அந்த மிச்ச உரிமையை விட்டுக்கொடுப்பதற்குத்தான் பழைய கழகம் விலை கேட்கிறது. கேனுக்குச் சம்பளம் தனி ஒப்பந்தம், அது பயேர்ன் கொடுப்பது. ஒரு வருடம் பொறுத்திருந்தால் அவர் இலவசமாகவே போயிருக்கலாம். அந்த ஒரு வருடத்துக்கு 100 மில்லியனை ஒட்டிய தொகை என்றால், பயேர்ன் அவரை எவ்வளவு அவசரமாகத் தேடியது என்று பார்த்துக்கொள். கோல் அடித்துக் குவித்த லெவன்டொவ்ஸ்கி போன பிறகு அவர்களுக்கு உருப்படியான முன்கள வீரர் இருக்கவில்லை. முதல் சீசனிலேயே கேன் லீக்கில் 36 கோல் அடித்தார், ஆனால் கிண்ணம் எதுவும் கிடைக்கவில்லை. 2025இல்தான் லீக் பட்டம் கைக்கு வந்தது, அதுவே அவர் வாழ்நாளில் வென்ற முதல் பெரிய கிண்ணம்.

உன் வகுப்பில் யாருக்கும் தெரிந்திராத ஒரு விஷயத்தையும் சொல்கிறேன். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு, ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே, தொகை கொடுத்து வீரர் மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தைப் பிரித்து அவரைச் சிறு வயதிலிருந்து வளர்த்த கழகங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது பீபாவின் விதி. 12 வயதுச் சீசனிலிருந்து 23 வயதுச் சீசன் வரை கணக்கு. முதல் நாலு வருடங்களுக்கு, அதாவது 12 முதல் 15 வரை, வருடத்துக்கு மொத்தத் தொகையில் 0.25 சதவீதம். அதன் பிறகு வருடத்துக்கு 0.5 சதவீதம். கணக்குப் போட்டுப் பார். மருதானையிலோ கொம்பனித்தெருவிலோ ஒரு சின்னக் கழகம் ஒரு பிள்ளையை அந்த நாலு வருடமும் வைத்திருந்து, பின்னொரு நாள் அவன் 100 மில்லியன் யூரோவுக்கு விற்கப்பட்டால், அந்தக் கழகத்துக்குச் சேர வேண்டியது 1 மில்லியன் யூரோ. ஒரு மில்லியன் யூரோவுக்குச் சொந்த மைதானமே வாங்கலாம்!

இந்தப் பங்கு ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக 2022 நவம்பரில் பரிஸ் நகரில் பீபா ஒரு தனி நிறுவனத்தையே தொடங்கியது. வீரருடைய மின்னணுக் கடவுச்சீட்டு என்று ஒன்றை உருவாக்கி, எந்தச் சீசனில் எந்தக் கழகத்தில் இருந்தார் என்று அதில் பார்த்துப் பணத்தைப் பிரிக்கிறார்கள். அந்தக் கடவுச்சீட்டு ஒவ்வொரு நாட்டுச் சம்மேளனத்தின் பதிவிலிருந்துதான் உருவாகிறது. பதிவு செய்யாமல் விட்ட வருடத்துக்குச் சாட்சி இல்லை. கொழும்பில் எத்தனை கழகங்கள் 12 வயதுப் பிள்ளைகளைப் பதியாமலே பந்தடிக்க விடுகின்றன என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. கழகச் செயலாளர்கள் இதை வாசித்தால் தயவு செய்து நாளைக்கே பதிவுப் பத்திரங்களை எடுங்கள்.

சனிக்கிழமை மட்ச் நம்முடைய நேரத்துக்கு எத்தனை மணிக்கு? ஒரு மாதம் ஏழு மணி, இன்னொரு மாதம் எட்டு மணி என்று குழப்பம்.
— வாசகர், தெஹிவளை

ஜேர்மனியில் பிற்பகல் 3.30. அவர்களுடைய கோடை நேரத்தில் நமக்கு இரவு 7 மணி. ஒக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்புவதால் மார்ச் கடைசி வரை நமக்கு 8 மணி. வெள்ளிக்கிழமை ஆட்டம் நள்ளிரவு 12 அல்லது 1 மணி, வேலைக்குப் போகிறவர்களுக்குச் சரிவராது.

50+1 என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். கொஞ்சம் விளங்கும்படி சொல்லுங்கள். பணக்காரர் ஒருவர் கழகத்தை வாங்கினால் அதில் என்ன பிழை?
— கடைக்காரர், கொட்டாஞ்சேனை

இந்தக் கேள்விக்காகவே நான் இந்தப் பகுதியை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜேர்மனியில் கழகம் என்றால் அடிப்படையில் ஓர் அங்கத்தவர் சங்கம். நம்முடைய சனசமூக நிலையம் மாதிரி, சந்தா கட்டுகிறவர்கள் கூடித் தலைவரைத் தெரிவு செய்வார்கள். 1998 வரைக்கும் கழகங்கள் முழுக்க முழுக்க அப்படித்தான் இருந்தன. அந்த வருடம் தொழில்முறை அணியைத் தனிக் கம்பனியாகப் பிரிக்கவும், வெளியார் பங்கு வாங்கவும் விட்டார்கள். ஆனால் ஒரு வேலியும் போட்டார்கள். வாக்குரிமையில் 50 சதவீதமும் அதற்கு மேல் ஒரு வாக்கும் அங்கத்தவர் சங்கத்திடமே இருக்க வேண்டும். பணம் யாரும் போடலாம், கடைசிச் சொல் அங்கத்தவருடையது.

பயேர்னைப் பாருங்கள். கம்பனியில் 75 சதவீதம் அங்கத்தவர் சங்கத்துடையது. மிச்சத்தை அடிடாஸ், அவுடி, அலியான்ஸ் ஆகிய மூன்றும் சமமாக வைத்திருக்கின்றன, ஆளுக்கு 8.33 சதவீதம். உலகத்தின் பெரிய கழகங்களில் ஒன்று, ஆனால் அரபு இளவரசருக்கோ அமெரிக்கக் கோடீஸ்வரருக்கோ அங்கே நாற்காலி இல்லை.

விதிவிலக்குகள் உண்டு. பேயர் மருந்துக் கம்பனியின் தொழிலாளர்களுக்காகப் பிறந்தது லெவர்குசன், வொல்க்ஸ்வாகன் தொழிற்சாலையோடு வளர்ந்தது வொல்ஃப்ஸ்பேர்க். இந்த இரண்டும் கம்பனி கையில். ஹொஃபன்ஹைமில் டீட்மார் ஹொப் என்ற மென்பொருள் செல்வந்தருக்கும் அந்தச் சலுகை கிடைத்தது, 2023இல் அவர் தன் பெரும்பான்மை வாக்கைச் சங்கத்திடமே திருப்பிக் கொடுத்தார். அதை நான் பெரிய மனிதத்தனம் என்றே சொல்வேன். லைப்சிக் வேறு கதை. 2009இல் ரெட் புல் கம்பனி மார்க்ரான்ஸ்டெட் என்ற சிறு கழகத்தின் லீக் இடத்தை எடுத்துக்கொண்டு புதிதாக ஒன்றைத் தொடங்கியது. சங்கம் இருக்கிறது, ஆனால் வாக்குரிமையுள்ள அங்கத்தவர் விரல்விட்டு எண்ணும் அளவு. விதியின் எழுத்தைக் காப்பாற்றி அதன் உயிரை எடுத்துவிட்டார்கள். அங்கே நல்ல பயிற்சி, நல்ல வீரர்கள், எல்லாம் உண்மை. ஆனாலும் அந்தக் கழகத்தை என்னால் நேசிக்க முடியவில்லை.

இதில் என்ன பிழை என்று கேட்டீர்கள். 2023 டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் 8 சதவீதத்தை வெளி முதலீட்டாளருக்கு விற்பதா என்று முதல் இரண்டு லீக்குகளின் 36 கழகங்கள் வாக்களித்தன. மூன்றில் இரண்டு பங்கு தேவை, அதாவது 24. கிடைத்ததும் சரியாக 24. ஹன்னோவர் கழகத்தின் அங்கத்தவர் சங்கம் எதிர்த்து வாக்களிக்கச் சொல்லியும், அவர்களுடைய பிரதிநிதி மார்ட்டின் கிண்ட் மாறி வாக்களித்திருப்பாரோ என்ற சந்தேகம் எழுந்தது. இரகசிய வாக்கு, நிரூபிக்க வழியில்லை. அதன் பிறகு இரசிகர்கள் எடுத்த ஆயுதம் ரெனிஸ் பந்து. வாரா வாரம் ஆட்டத்தின் நடுவே மைதானத்துக்குள் பந்துகளை எறிந்தார்கள், ஆட்டங்கள் நின்றன, நேரம் கடந்தது. 2024 பெப்ரவரி 21ஆம் திகதி லீக் நிர்வாகம் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஒரு பில்லியன் யூரோ வரை எதிர்பார்த்த பேரம் அது.

உலகத்தில் வேறெங்கே இரசிகர்களால் இப்படி ஒன்றை நிறுத்த முடியும்? வீரனை விற்கலாம், வாங்கலாம், அது தொழில். கழகம் அப்படியில்லை. உங்கள் அப்பாவும் நீங்களும் கூடி நின்ற இடம் அது. நல்ல பணக்காரர் வாங்கினால் பத்து வருடம் நன்றாக இருக்கும். அவருக்குச் சலித்துப்போனால் அல்லது அவர் வேறு யாருக்காவது விற்றால், நீங்கள் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

டோர்ட்மண்ட் ஏன் நல்ல வீரர் வந்தவுடனே விற்றுவிடுகிறது? பட்டம் வெல்லும் எண்ணமே இல்லையா? வயிறு எரிகிறது.
— மஞ்சள் சட்டை இரசிகன், வத்தளை

வயிறு எரிவது நியாயம்தான். ஒஸ்மான் டெம்பெலேயை 2016இல் ரென் கழகத்திடம் 15 மில்லியனுக்கு எடுத்து, மறு வருடமே பார்சிலோனாவுக்கு 105 மில்லியனுக்குக் கொடுத்தார்கள், மேலதிகத் தொகைகள் வேறு. எர்லிங் ஹாலண்ட் 2020 ஜனவரியில் வந்தார், ஓக்ஸ்பேர்க்குக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கி மூன்று கோல் அடித்தார், 2022இல் ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விலகல் தொகைக்கே மன்செஸ்டர் சிற்றிக்குப் போனார். சாஞ்சோ 2021இல் 85 மில்லியன். பெலிங்ஹாம் 2023இல் ரியல் மட்ரிட்டுக்கு 103 மில்லியன்.

இதற்கு 2005ஐத் தெரிந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் பங்குச் சந்தைக்குப் போன முதல் ஜேர்மன் கழகம் டோர்ட்மண்ட். வந்த காசில் பெரிய பெரிய வீரர்களை வாங்கினார்கள், அமொரோசோ ஒருவருக்கே 25 மில்லியன் யூரோ. 2002இல் பட்டமும் வந்தது. ஆனால் அடுத்த வருடம் சம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பெல்ஜியத்தின் புரூகே கழகத்திடம் பெனால்டியில் தோற்றார்கள். வரவேண்டிய காசு வரவில்லை. வரும் என்று நம்பிச் செலவழித்த காசு அது. மைதானத்தையே ஒரு கட்டிட நிதியத்துக்கு விற்றிருந்தார்கள், அதற்கு வாடகை கொடுக்கவும் வழியில்லை. பரம வைரியான பயேர்ன் 2 மில்லியன் யூரோ கைமாற்றாகக் கொடுத்தது அந்தக் காலத்தில்தான், பயேர்னின் ஊலி ஹோனஸ் பல வருடம் கழித்து 2012இல் வெளியில் சொன்னார். வீரர்கள் சம்பளத்தில் 20 சதவீதத்தை விட்டுக்கொடுத்தார்கள். 2005 மார்ச் 14ஆம் திகதி டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் அந்த நிதியத்தின் முதலீட்டாளர்கள் கூடினார்கள். கடனைத் தள்ளிப்போட அவர்கள் சம்மதிக்காவிட்டால் கழகம் அன்றோடு முடிந்தது. சம்மதித்தார்கள்.

அதன் பிறகு வந்தவர்கள் அந்தப் பாடத்தை மறக்கவே இல்லை. 2008இல் யூர்கன் குளொப் பயிற்றுநராக வந்தார். ஜப்பானின் ககாவாவை 350,000 யூரோவுக்கும், போலந்தின் லெவன்டொவ்ஸ்கியைச் சில மில்லியன்களுக்கும் எடுத்தார்கள். 2011இலும் 2012இலும் லீக் பட்டம். அது மட்டுமா! லீக்குக்குப் புறம்பாக நடக்கும் ஜேர்மன் கிண்ணத்தின் 2012 இறுதியில் பயேர்னை 5-2 என்று அடித்தார்கள்.

ஆகவே விற்பது பயத்தினால் அல்ல. 18 வயதுப் பிள்ளையை வாராவாரம் 80,000 பேர் முன்னால் ஆட விடும் துணிவு மற்றப் பெரிய கழகங்களுக்கு இல்லை, இவர்களுக்கு இருக்கிறது. அதை நம்பித்தான் பிள்ளைகள் வருகிறார்கள், வளர்ந்தபின் போகிறார்கள். 2023 மே 27 மட்டும் எனக்கும் ஆறாத வலி. கடைசி நாள், சொந்த மைதானம், மைன்ஸ் கழகத்தை வென்றாலே பட்டம். 2-2 என்று முடிந்தது. கொலோனில் 89ஆவது நிமிடத்தில் முசியாலா அடித்த கோலால் பட்டம் மியூனிக் போனது. அதற்குப் பிறகும் தெற்குப் பக்கத்தில் நின்ற அந்த 25,000 பேர் கலையாமல் நின்று பாடினார்கள்.

லெவன்டொவ்ஸ்கியை மட்டும் ஏன் விற்கவில்லை? சும்மா கொடுத்தார்களாமே?
— அதே இரசிகனின் தம்பி

சும்மா கொடுக்கவில்லை, ஒப்பந்தம் முடிந்து போனார். 1995 டிசம்பர் 15ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம், பெல்ஜிய வீரர் ஜோன்-மார்க் பொஸ்மன் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்த வீரருக்குப் பழைய கழகம் விலை கேட்க முடியாது என்று தீர்த்தது. கடைசி ஆறு மாதத்தில் அவர் வேறு கழகத்துடன் கையெழுத்தும் வைக்கலாம். லெவன்டொவ்ஸ்கி 2014 ஜனவரியில் பயேர்னுக்குக் கையெழுத்திட்டார். மிச்ச அரை வருடமும் டோர்ட்மண்டுக்காகவே ஓடினார், அந்த சீசனில் லீக்கின் அதிக கோலும் அவருடையதே. பயேர்னுக்கு 375 ஆட்டத்தில் 344 கோல். கடைசியில் 2022இல் பார்சிலோனா 45 மில்லியன் கொடுத்து அவரை எடுத்தது. இலவசமாக வந்தவரை எட்டு வருடம் ஆட வைத்து 45 மில்லியனுக்கு அனுப்பியது, நான் பார்த்த ட்ரான்ஸ்பர்களிலேயே கெட்டிக்காரத்தனமானது.

எனக்கு 15 வயதில் ஒரு மகன். நன்றாக விளையாடுவான் என்று பாடசாலையில் சொல்கிறார்கள். ஒருவர் வந்து, ஜேர்மனியில் ஒரு பெரிய கழகத்தில் சேர்த்துவிடலாம், முதலில் 15 இலட்சம் கட்டுங்கள் என்கிறார். என் தம்பி குடும்பம் டோர்ட்மண்ட் பக்கத்தில் ஹம் நகரில், காமாட்சி அம்பாள் கோவிலுக்குக் கிட்ட இருக்கிறது. அங்கே தங்கலாம். நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.
— ஒரு தாய், பம்பலப்பிட்டி

வேண்டாம் அம்மா. நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேறு நாட்டுக் கழகத்தில் பதிவு செய்வதை பீபா தடை செய்திருக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு: உதைபந்தாட்டத்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காகப் பெற்றோரே அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்திருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயது கடந்தவர் மாறினால், எல்லைக்கு மிக அருகில் வசித்தால், இப்படிச் சில. உங்கள் மகனுக்கு இவற்றில் ஒன்றும் பொருந்தாது. மாமா வீட்டில் தங்குவது போதாது, பெற்றோர் என்றுதான் விதியில் எழுதியிருக்கிறது. ஆகவே எந்தக் கழகம் விரும்பினாலும் இப்போது அவனைப் பதிய முடியாது. விதியை மீறிப் பதிந்த பெரிய ஸ்பானியக் கழகங்களுக்கே வீரர் வாங்கத் தடை விழுந்திருக்கிறது, அந்த ஆபத்தை உங்கள் பிள்ளைக்காக ஒரு ஜேர்மன் கழகம் எடுக்காது.

அந்த மனிதரிடம் பீபா உரிம இலக்கத்தைக் கேளுங்கள். உரிமம் பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் பீபாவின் இணையத்தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. சிறுவர் விஷயத்தில் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவர்களால் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய கழகங்கள் விடுமுறைக் காலத்தில் பணம் வாங்கிச் சிறுவர் முகாம் நடத்துவதுண்டு. நல்ல முகாம்தான், சட்டையும் சான்றிதழும் கொடுப்பார்கள். ஆனால் அது அணித் தெரிவு அல்ல. அந்த முகாமைக் காட்டி, கழகத்தில் சேர்ப்பேன் என்று சொல்லிக் காசு கறப்பவர்களை இந்த நகரத்தில் என் கண்ணால் கண்டிருக்கிறேன். திரும்பி வந்த பிள்ளை பந்தையே தொடாமல் போனதையும் கண்டிருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை.

மகனை இங்கே ஒழுங்காகப் பதிவு செய்யும் ஒரு கழகத்தில் சேர்த்துவிடுங்கள். படிப்பை விட வேண்டாம், ஜேர்மன் மொழியைக் கூடப் படிக்கட்டும். 18 வயதில் அவனுக்குத் திறமை இருந்தால் கதவு அப்போது சட்டப்படியே திறக்கும். விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போனால் டோர்ட்மண்ட் மைதானத்தை ஒரு முறை காட்டச் சொல்லுங்கள்.

ஜேர்மன் லீக்கில் காசுக் களவு ஒன்றும் நடந்ததே இல்லையா? ஒரேயடியாகப் புகழ்கிறீர்கள்.
— ஓய்வுபெற்ற கணக்காளர், மருதானை

நடந்தது ஐயா. புண்டஸ்லிகா என்ற இந்த முதல்தர லீக் 1963இல் தொடங்கியபோது சம்பளத்துக்கும் கையெழுத்துத் தொகைக்கும் உச்சவரம்பு இருந்தது. மேற்கு பேர்லினைச் சுற்றி மதில் எழும்பி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, அந்த அடைபட்ட ஊருக்குப் போய் ஆட வீரர்கள் விரும்பவில்லை. ஹெர்த்தா பேர்லின் இரகசியமாகக் கூடுதல் காசு கொடுத்து ஆட்களைக் கூட்டியது. 1965இல் பிடிபட்டு லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. ஆனால் அரசியல் காரணத்துக்காக பேர்லினில் ஒரு கழகம் இருந்தே ஆக வேண்டும். அதனால் டஸ்மானியா பேர்லினை மேலே தூக்கிவிட்டார்கள், கீழே இறங்க வேண்டியிருந்த இரண்டு கழகங்களையும் வைத்துக்கொண்டு லீக்கை 16இலிருந்து 18 ஆக்கினார்கள். இன்றைக்கும் 18தான்.

பாவம் டஸ்மானியா. அந்த சீசனில் 34 ஆட்டத்தில் வென்றது 2, தோற்றது 28. அடித்த கோல் 15, வாங்கிய கோல் 108. ஓர் ஆட்டத்தைப் பார்க்க 827 பேர்தான் வந்தார்கள். தொடர்ந்து 31 ஆட்டம் வெல்லாமல் இருந்த அவர்களுடைய சாதனையை ஷால்கே கழகம் நெருங்கி, 2021 ஜனவரியில் 30 ஆட்டத்துக்குப் பிறகு ஒரு வெற்றியோடு தப்பியது. பேராசைப்பட்டது ஒரு கழகம், அவமானப்பட்டது இன்னொன்று. அந்த வீரர்கள் தயாராகவே இல்லாத ஓர் இடத்துக்குத் தள்ளப்பட்டவர்கள், அவர்களை நையாண்டி செய்வதை நான் ஏற்பதில்லை.

ஒரு கழகத்தில் வளர்ந்து எதிரிக் கழகத்துக்குப் போகிறவன் துரோகிதானே?
— வாசகர், கொம்பனித்தெரு

ஐந்து வயதிலிருந்து ஷால்கேயில் இருந்தவர் கோல்காப்பாளர் நொயர். 2011இல் ஜேர்மன் கிண்ணத்தை வென்று கொடுத்துவிட்டு பயேர்னுக்குப் போனார். ஷால்கேக்காரர் அழுதார்கள். அதைவிட வேடிக்கை, போன இடத்து இரசிகர்களும் வேண்டாம் என்று பதாகை பிடித்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை, கோலைக் காத்தார். 2013இலும் 2020இலும் சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தைத் தூக்கினார்.

1984 ஜேர்மன் கிண்ண இறுதியில் லோத்தர் மத்தேயஸ் மொன்சன்கிளட்பாக் கழகத்துக்காக பயேர்னுக்கு எதிராக ஆடினார், அடுத்த சீசனில் பயேர்னுக்கே போக ஏற்பாடாகியிருந்தது. பெனால்டி உதையில் பந்தை மேலே அடித்துவிட்டார். வேண்டுமென்றே செய்தார் என்று சொல்வோர் இன்றும் உண்டு. ஒரு பெனால்டியை வைத்து ஒரு மனிதனின் நேர்மையை அளக்க நான் சம்மதியேன்.

கையெழுத்திட்ட காலம் முழுவதும் உண்மையாக ஓடினானா என்பதுதான் என் கேள்வி. ஓடியிருந்தால் அவன் கடன் தீர்ந்தது. அதே நேரம் போகாமல் இருந்தவர்களை வணங்குகிறேன். 1961இல் இன்ரர் மிலான் கொட்டிக் கொடுக்க முன்வந்தும் ஹம்பேர்க்கை விட்டுப் போகாத ஊவே சீலர். சிறுவனாக வந்து 2025 வரை பயேர்னுக்கு 756 ஆட்டம் ஆடிய தோமஸ் முல்லர். டோர்ட்மண்டில் பிறந்து, 2012இல் ஊருக்குத் திரும்பி, 2024 வரை ஒரு லீக் பட்டமும் இல்லாமல் அங்கேயே நின்ற மார்க்கோ ரொய்ஸ். ரொய்ஸ் வேறெங்கும் போயிருந்தால் பட்டங்கள் கிடைத்திருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

நம் ஆசிய முகங்கள் அங்கே உண்டா?
— மாணவி, வெள்ளவத்தை

நிறைய உண்டு மகள். ஜப்பானின் ஒகுதேரா 1977இல் கொலோனுக்குப் போய் அடுத்த வருடமே பட்டம் வென்றார். தென் கொரியாவின் சா பும்-குன் பிராங்பேர்ட்டோடு 1980இலும் லெவர்குசனோடு 1988இலும் யூஈஎஃப்ஏ கிண்ணம் தூக்கினார், லீக்கில் 98 கோல். அவரைப் பார்த்து வளர்ந்த தலைமுறையில் சொன் ஹியுங்-மின் சிறுவனாக ஹம்பேர்க் போனார். பஞ்சாபி வம்சத்து நியூசிலாந்துப் பிள்ளை சர்ப்ரீத் சிங் 2019இல் பயேர்ன் சட்டையில் லீக்கில் ஆடினார். பேர்லினில் பிறந்து அங்கே கீழ்நிலை லீக்குகளில் ஆடிய வசீம் ராசீக் இலங்கை தேசிய அணிக்காக ஆடியவர். ஜேர்மனியில் இரண்டாம் தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது ஊர்க் கழகங்களில் பந்தடிக்கிறார்கள், அவர்களில் ஒருவர் மேலே வருவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறேன். எந்தக் கழகத்தைப் பின்பற்றலாம்? பயேர்ன் வேண்டாம், அலுத்துவிட்டது.
— வங்கி ஊழியர், கொள்ளுப்பிட்டி

லெவர்குசனைச் சொல்லியிருப்பேன். 2023-24 சீசனில் சாபி அலொன்சோவின் கீழ் ஒரு லீக் ஆட்டமும் தோற்காமல் பட்டம் வென்று, பயேர்னின் 11 வருடத் தொடரை முடித்தார்கள். ஆனால் பயிற்றுநரும் போய்விட்டார், ஃபுளோரியன் விர்ட்ஸும் 2025இல் லிவர்பூலுக்குப் போய்விட்டார். இப்போது அது வேறு அணி.

என்னுடைய தெரிவு யூனியன் பேர்லின். 2004இல் கழகம் பணமில்லாமல் தவித்தபோது இரசிகர்கள் இரத்த தானம் செய்து, அதற்குக் கிடைத்த காசைக் கழகத்துக்குக் கொடுத்தார்கள். 2008இல் மைதானத்தைத் திருத்த வேண்டியிருந்தபோது 2,000க்கும் மேற்பட்ட இரசிகர்கள் தாங்களே சீமெந்து குழைத்தார்கள். 2019இல் முதல் லீக்குக்கு ஏறினார்கள். முதல் ஆட்டத்துக்கு, அந்த நாளைக் காணாமல் இறந்துபோன உறவினர்களின் படங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 2023இல் சம்பியன்ஸ் லீக்கில் ரியல் மட்ரிட்டோடு ஆடினார்கள்.

அமைதியான சுபாவம் உள்ளவர் என்றால் பிரைபேர்க். பயிற்றுநர் கிறிஸ்டியன் ஸ்ட்ரைக் 2015இல் அணியோடு கீழ் லீக்குக்கு இறங்கியபோதும் அவரை நீக்கவில்லை. மறு வருடமே மேலே கொண்டுவந்தார், 2024 வரை இருந்தார். அடுத்த சீசன் தொடங்கும்போது இரண்டு கழகத்தையும் சில வாரம் பார்த்துவிட்டு, எதைப் பிடித்துக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள்.